மண்ணுக்குள் ஒரு பேரிக்காய்

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்து மேலே ஏறினால் சோளக்காடு வந்துவிடும். அங்குள்ள சந்தையில் கொல்லிமலையின் விளைபொருள்கள் குவிந்து கிடக்கும். பலா, அன்னாசி, மலைவாழை, மிளகு, காப்பிக்கொட்டை என ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம். ஒரு பழத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தாலே அது இன்னதென்று சொல்லிவிடலாம்.

மாணவர்களே! அணுவின் நடுவிலுள்ள கருவுக்கும் இப்படி ஒரு வடிவம் உண்டா? பாடநூலைத் திறந்தால் அணுக்கருவைச் சிறு உருண்டையாகவே வரைந்திருப்பார்கள். ஆனால் எல்லா அணுக்கருக்களும் உருண்டை அல்ல. சில, எலுமிச்சம்பழம்போல நீண்டிருக்கின்றன. சில, பரங்கிக்காய்போலச் சப்பையாக இருக்கின்றன. மிகச் சில கருக்கள் மட்டும் ஒரு முனை பருத்து, மறுமுனை சிறுத்து, பேரிக்காய் வடிவில் இருக்கின்றன.

இந்த அரிய பேரிக்காயைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. சோளக்காட்டுச் சந்தையில் நீங்கள் நின்றுகொண்டிருக்கும் மண்ணிலேயே அது இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

தோரியத்தின் வம்சாவளி

கொல்லிமலையின் பாறை பெரும்பாலும் சார்னோக்கைட் வகையைச் சேர்ந்தது. சென்னையை அடுத்த பல்லாவரத்தில் கிடைப்பதும் இவ்வகைப் பாறையே. சேலம், நாமக்கல் பகுதியின் இப்பாறைகள் ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. பாறை எதுவாயினும், மண் எதுவாயினும், அதில் மிகச் சிறிதளவு தோரியம் கலந்திருக்கும். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலுள்ள மோனசைட் என்னும் கனிமத்தில் அது மிகுதியாக உண்டு. மற்ற இடங்களில் அது அணு அணுவாகச் சிதறிக் கிடக்கிறது.

தோரியம்-232 ஒரு கதிரியக்கத் தனிமம். அதன் அரை ஆயுள் சுமார் 1,400 கோடி ஆண்டுகள். எனவே 250 கோடி ஆண்டுப் பழைய பாறையில், தொடக்கத்தில் இருந்த தோரியத்தில் 88 விழுக்காடு இன்னும் அப்படியே இருக்கிறது. எஞ்சியது சிதைந்து வேறு தனிமங்களாக மாறிவிட்டது.

அந்த மாற்றம் ஒரே தாவலில் நிகழ்வதில்லை. படிக்கட்டில் இறங்குவது போலப் படிப்படியாக நிகழ்கிறது. தோரியம்-232 ஓர் ஆல்ஃபாத் துகளை வெளிவிட்டு ரேடியம்-228 ஆகிறது. அது ஆக்டினியம்-228 ஆகிறது. பின்னர் தோரியம்-228. அதன் பின்னர் ரேடியம்-224. இதுதான் நம் பேரிக்காய்! இதன் அரை ஆயுள் 3.63 நாட்கள் மட்டுமே. அடுத்த படி ரேடான்-220 என்ற வாயு. அதன் அரை ஆயுள் சுமார் 56 விநாடிகள். இன்னும் சில படிகள் இறங்கினால் காரீயம்-208 வருகிறது. அது சிதைவதில்லை, படிக்கட்டு அங்கே முடிகிறது.

ரேடியம்-224 அறிவியலுக்குப் புதியதன்று. 1902-ஆம் ஆண்டிலேயே கனடாவின் மான்ட்ரியல் நகரில் ரூதர்ஃபோர்டும் சாடியும் இதனைக் கண்டனர். தோரியம் நைட்ரேட்டுக் கரைசலில் அம்மோனியாவைச் சேர்த்தபோது தோரியம் வீழ்படிவாயிற்று. ஆனால் கதிரியக்கத்தின் பெரும் பகுதி, வடிகட்டிய நீரில் தங்கிவிட்டது. அதிலிருந்த புதிய பொருளுக்குத் ‘தோரியம் எக்ஸ்’ என்று பெயரிட்டனர். விடுமுறை கழித்துத் திரும்பி வந்து பார்த்தபோது வியப்பு காத்திருந்தது. தோரியம் எக்ஸ் தன் கதிரியக்கத்தை இழந்திருந்தது. தோரியமோ இழந்ததை முழுவதும் திரும்பப் பெற்றிருந்தது. ஒரு தனிமம் தானாகவே வேறொரு தனிமமாக மாறுகிறது என்ற பேருண்மை இதனால் புலப்பட்டது. அந்தத் தோரியம் எக்ஸ்தான் ரேடியம்-224. அது பேரிக்காய் வடிவம் கொண்டது என்பது உறுதியாக இன்னும் 111 ஆண்டுகள் ஆயின.

எத்தனை பேரிக்காய்கள்?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். உலகின் பல பகுதி மண்ணையும் ஆராய்ந்து, ஒரு கிலோகிராம் மண்ணில் விநாடிக்குச் சுமார் 30 தோரியம்-232 அணுக்கள் சிதைவது பொதுவான அளவு என்று கண்டிருக்கிறார்கள். இடத்துக்கு இடம் இது கூடும், குறையும். நாம் 30 என்றே வைத்துக்கொள்வோம்.

ஒரு தொட்டியில் விநாடிக்கு 30 துளி நீர் விழுகிறது. அதே அளவு நீர் வெளியேறவும் செய்கிறது என்று எண்ணுங்கள். தொட்டியின் நீர்மட்டம் மாறாது. ஒவ்வொரு துளியும் தொட்டியில் சராசரியாக எவ்வளவு நேரம் தங்குகிறது என்பது தெரிந்தால், தொட்டியிலுள்ள மொத்தத் துளிகளைக் கணக்கிட்டுவிடலாம். பழைய மண்ணிலும் இதே நிலைதான். விநாடிக்கு 30 ரேடியம்-224 அணுக்கள் பிறக்கின்றன. 30 அணுக்கள் மறைகின்றன.

ஓர் அணுவின் சராசரி ஆயுள் அதன் அரை ஆயுளைப் போல 1.44 மடங்கு. 3.63 நாட்கள் என்பது சுமார் 3 லட்சத்து 14 ஆயிரம் விநாடிகள். அதனை 1.44-ஆல் பெருக்கினால் சுமார் 4 லட்சத்து 52 ஆயிரம் விநாடிகள். அதனை 30-ஆல் பெருக்கினால் சுமார் 1 கோடியே 35 லட்சம்.

ஒரு கிலோ மண்ணில் ஒன்றேகால் கோடிக்கும் மேற்பட்ட பேரிக்காய்கள்! ஆனால் அவை அத்தனையும் சேர்ந்து எடை என்னவோ, ஒரு கிராமின் இருநூறு லட்சம் கோடியில் ஒரு பங்குதான். இதைக் கேட்டு யாரும் மண்ணைத் தொட அஞ்ச வேண்டாம். நம் உடலிலுள்ள பொட்டாசியத்தின் ஒரு சிறு பகுதி கதிரியக்கம் உடையது. அதனால் வளர்ந்த ஒருவரின் உடலிலேயே விநாடிக்குச் சில ஆயிரம் அணுக்கள் சிதைந்துகொண்டிருக்கின்றன.

உருண்டை ஏன் உருமாறுகிறது?

மழைத்துளியும் பாதரசத் துளியும் உருண்டையாக இருக்க விரும்புகின்றன. பரப்பு இழுவிசையே அதற்குக் காரணம். அணுக்கருவில் புரோட்டான்களையும் நியூட்ரான்களையும் இறுகப் பிடித்திருக்கும் விசையும் அவ்வாறே கருவை உருண்டையாக்க முயல்கிறது. அப்படியானால் அது ஏன் வடிவம் மாறுகிறது?

கருவினுள் இருக்கும் துகள்கள் விருப்பம்போல் அலைவதில்லை. அணுவில் எலெக்ட்ரான்கள் கூடுகளில் அமைந்திருப்பதைப் படித்திருக்கிறீர்கள். புரோட்டான்களுக்கும் நியூட்ரான்களுக்கும்கூட அத்தகைய கூடுகள் உண்டு. 2, 8, 20, 28, 50, 82, 126 என்ற எண்ணிக்கைகளில் ஒரு கூடு நிறைவடைகிறது. இவற்றை மாய எண்கள் என்பர். காரீயம்-208-இல் 82 புரோட்டான்களும் 126 நியூட்ரான்களும் உள்ளன. இரண்டும் மாய எண்கள்! ஆகவே அக்கரு அழகிய உருண்டை.

கூடு நிறையாத கருக்களில், வெளிப்புறத் துகள்கள் தத்தம் பாதைகளுக்கு ஏற்பக் கருவை இழுக்கின்றன. ஒரே திசையில் பல துகள்கள் ஒத்து இழுத்தால் கரு நீண்டுவிடும். இவ்வாறு கரு உருமாறுவதை விளக்கியதற்காக ஓகே போர், மோட்டல்சன், ரெயின்வாட்டர் ஆகிய மூவரும் 1975-இல் நோபல் பரிசு பெற்றனர்.

பேரிக்காய் வடிவம் வருவதற்கு இன்னும் ஒரு நிபந்தனை உண்டு. குறிப்பிட்ட இருவகைப் பாதைகள், அவற்றின் சுழல் உந்தம் மூன்று அலகு வேறுபட்டவை, ஏறக்குறைய ஒரே ஆற்றலில் அருகருகே அமைய வேண்டும். அப்போது துகள்கள் இரு பாதைகளையும் கலந்து மேற்கொள்கின்றன. அக்கலப்பால் ஒரு முனையில் பொருள் மிகுதியும், மறுமுனையில் குறைவும் ஏற்படுகின்றன. இவ்வாய்ப்பு 34, 56, 88, 134 ஆகிய எண்களை ஒட்டிக் கிடைக்கிறது. ரேடியம்-224-இல் 88 புரோட்டான்கள், 136 நியூட்ரான்கள். பேரியம்-144-இல் 56 புரோட்டான்கள், 88 நியூட்ரான்கள். இரண்டும் இலக்கணத்துக்கு எவ்வளவு பொருந்துகின்றன பாருங்கள்!

பார்க்காமலே வடிவத்தை அறிவது எப்படி?

ரேடியம் கருவின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரின் ஏழாயிரம் கோடியில் ஒரு பங்கு. கருவை உண்மையான பேரிக்காய் அளவுக்குப் பெரிதாக்கிச் செம்மேட்டில் வைத்தால், அதன் வெளிப்புற எலெக்ட்ரான்கள் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். இவ்வளவு சிறியதை எந்த நுண்ணோக்கியாலும் பார்க்க முடியாது. ஆனால் சுழலவிட்டுச் சோதிக்கலாம்.

ஒரு பம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தலை பருத்து, ஆணி முனை சிறுத்த பம்பரம். அதுவும் பேரிக்காய் வடிவமே. அதைக் கையில் படுக்க வைத்து, தலைகால் மாறும்படி அரைச் சுற்றுத் திருப்புங்கள். தலை இருந்த இடத்தில் ஆணி வந்துவிட்டது; திருப்பியது தெரிகிறது. ஓர் எலுமிச்சம்பழத்தை அவ்வாறு திருப்பினால்? முன்பு இருந்தது போலவே இருக்கும். திருப்பியதே தெரியாது.

இவ்வேறுபாடு அணுக்கருவின் ஆற்றல் மட்டங்களில் பதிவாகிவிடுகிறது. அணுக்கரு விரும்பிய வேகத்தில் சுழல முடியாது; படிப்படியாகத்தான் சுழற்சியை ஏற்கும். எலுமிச்சம்பழ வடிவக் கருவுக்கு 0, 2, 4, 6 என்னும் இரட்டைப்படைச் சுழற்சிகளே கிடைக்கும். அரைச் சுற்றில் மாறாத வடிவம் அது என்பதால், ஒற்றைப்படைப் படிகளுக்கு அங்கு இடமில்லை. பேரிக்காய் வடிவக் கருவுக்கோ 1, 3, 5 என்ற படிகளும் இடையிடையே கிடைக்கும். 1950-களில் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில், ரேடியம், தோரியம் ஆகியவற்றின் ஐசோடோப்புகளில் இத்தகைய ஒற்றைப்படைப் படிகள் மிகக் குறைந்த ஆற்றலில் இருப்பதைக் கண்டனர். பேரிக்காயின் முதல் தடயம் அதுவே.

தடயம் வேறு, சான்று வேறு. உருண்டையோ எலுமிச்சையோ ஆன கரு, பேரிக்காய் வடிவுக்கும் அதன் எதிர்வடிவுக்கும் இடையே மாறி மாறி அதிர்ந்தாலும் ஒற்றைப்படைப் படிகள் தோன்றக்கூடும். நிலையான பேரிக்காயா, அதிர்கின்ற பேரிக்காயா என்று எப்படித் தீர்மானிப்பது?

2013-இல் வந்த விடை

ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் ஐசோல்டே என்ற ஆய்வுக்கூடம் உள்ளது. லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் பீட்டர் பட்லர் தலைமையில், லியாம் காஃப்னி முதலியோர் அடங்கிய குழு அங்கே ஆய்வு நடத்திற்று. யுரேனியம் கார்பைடு இலக்கின் மீது மிகு வேகப் புரோட்டான்களை மோதச் செய்தனர். சிதறிய கருக்களிலிருந்து ரேடியம்-224, ரேடான்-220 ஆகியவற்றைப் பிரித்தெடுத்தனர். அவற்றை ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய 8 விழுக்காடு வேகத்துக்கு முடுக்கி, நிக்கல், காட்மியம், வெள்ளீயம் ஆகிய மெல்லிய தகடுகளின் மீது செலுத்தினர்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அந்த வேகத்தில் இரு கருக்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இரண்டும் நேர் மின்னூட்டம் உடையவை; தொடுமுன்பே விலகிச் செல்கின்றன. விலகும்போது மின்விசை ரேடியம் கருவை உலுக்கி உயர்ந்த ஆற்றல் மட்டத்துக்கு ஏற்றிவிடுகிறது. கரு மீண்டும் இறங்கும்போது காமாக் கதிர்களை வெளிவிடும். மின்விசையின் விதிகள் நமக்குத் துல்லியமாகத் தெரியும். ஆகவே எந்தக் காமாக் கதிர் எத்தனை முறை வந்தது என்று எண்ணினால், கருவில் மின்னூட்டம் எவ்வாறு பரவியுள்ளது என்று கணக்கிட்டுவிடலாம். கதிர்களை எண்ணியது மினிபால் என்னும் உணர்கருவித் தொகுதி.

2013 மே மாதம் ‘நேச்சர்’ இதழில் முடிவு வெளிவந்தது. ரேடியம்-224 நிலையான பேரிக்காய். ரேடான்-220-ஓ இருபுறமும் மாறி மாறி அதிரும் கரு. இரண்டு புரோட்டான்களும் இரண்டு நியூட்ரான்களும், அதாவது ஒரே ஓர் ஆல்ஃபாத் துகள் வெளியேறியதும் பேரிக்காய் தன் நிலைத்த வடிவை இழந்துவிடுகிறது! 2016-இல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் பேரியம்-144 ஆராயப்பட்டது. 2020-இல் ரேடியம்-222-உம் நிலையான பேரிக்காய் என்று ஐசோல்டே குழு அறிவித்தது. நம் நாட்டிலும் டெல்லி, மும்பை, கொல்கத்தா முடுக்கிகளில் ‘இந்திய தேசியக் காமா அணிவரிசை’ என்ற உணர்கருவித் தொகுதியை முறைவைத்துப் பயன்படுத்தி, அணுக்கருக்களின் வடிவங்களை ஆராய்ந்து வருகிறார்கள்.

இதனால் என்ன பயன்?

‘கரு பேரிக்காயாக இருந்தால் என்ன, பலாக்காயாக இருந்தால் என்ன?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை, நாம் ஏன் இருக்கிறோம் என்பதோடு தொடர்புடையது.

ஒவ்வொரு பொருள் துகளுக்கும் ஓர் எதிர்த்துகள் உண்டு. இரண்டும் சந்தித்தால் அழிந்து ஒளியாகிவிடும். பேரண்டம் தோன்றியபோது இரண்டும் சம அளவில் உண்டாகியிருந்தால், அனைத்தும் அழிந்து வெறும் ஒளியே மிஞ்சியிருக்க வேண்டும். கொல்லிமலையும் இராது, அதில் ஏறிச் செல்ல நாமும் இரோம். ஆனால் ஏறத்தாழ நூறு கோடி இணைகளுக்கு ஒரு துகள் என்ற கணக்கில் பொருள் மிஞ்சியது. அந்த மிச்சமே விண்மீன்களும், மலைகளும், மனிதர்களும். பொருளுக்கும் எதிர்ப்பொருளுக்கும் இயற்கை ஏதோ ஓரிடத்தில் வேறுபாடு காட்டியிருக்க வேண்டும் என்று 1967-இல் ரஷ்ய அறிஞர் சகாரவ் எடுத்துரைத்தார். இன்று நாம் அறிந்த விதிகளில் உள்ள வேறுபாடு இதற்குப் போதவில்லை.

காணாமற்போன அந்த வேறுபாட்டைத் தேடும் வழிகளுள் ஒன்று, அணுவில் மின்னூட்டம் அதன் சுழல் அச்சை ஒட்டி மிகச் சிறிதளவாவது ஒருபக்கம் நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது. காலத்தைப் பின்னோக்கி ஓட்டும் ஒரு திரைப்படத்தை எண்ணுங்கள். சுழற்சி எதிர்த்திசையில் மாறும். ஆனால் நகர்ந்த மின்னூட்டம் இருந்த பக்கத்திலேயே இருக்கும். முன்னோக்கிய படமும் பின்னோக்கிய படமும் வேறுபட்டுவிட்டன அல்லவா? அத்தகைய நகர்வு அளக்கும் அளவுக்கு இருக்குமானால், நமக்குத் தெரியாத ஒரு புதிய விதி அங்கே வேலை செய்கிறது என்று பொருள்.

வெறும் பேரிக்காய் வடிவம் மட்டும் இந்நகர்வைத் தராது. பேரிக்காயின் பருத்த முனை சுழல் அச்சின் இருபக்கமும் சம வாய்ப்போடு இருப்பதால் சராசரி சுழியாகிவிடும். புதிய விதி ஒன்று இருந்தால்தான் தராசு ஒருபக்கம் சாயும். ஆனால் அது சாயும்போது, உருண்டைக் கருவைவிடப் பேரிக்காய்க் கருவில் அதன் விளைவு பல நூறு மடங்கு பெரிதாகத் தெரியும் என்கின்றன கணக்குகள். மிக மெல்லிய காற்றையும் காட்டிக்கொடுக்கும் அரசிலை போன்றது பேரிக்காய்க் கரு.

இதற்காக ஆர்கான் ஆய்வகம் தேர்ந்தெடுத்தது ரேடியம்-225. 2015-இல் அதன் முதல் அளவீடு வெளியாயிற்று. அந்த அளவின் நுட்பத்துக்குள் நகர்வு எதுவும் தென்படவில்லை, தேடல் தொடர்கிறது. ரேடியம்-225-க்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. தோரியம்-232 அணு உலையில் நியூட்ரானை ஏற்றால், முடிவில் யுரேனியம்-233 ஆகிறது. கல்பாக்கத்தில் 1996-இல் இயங்கத் தொடங்கிய காமினி என்ற சிறு உலையின் எரிபொருள் இதுவே. யுரேனியம்-233 சிதைந்து தோரியம்-229 ஆகும். அது சிதைந்தால் ரேடியம்-225. இப்பேரிக்காய்க்கும் தோரியமே மூதாதை!

2016-இல் சில செய்தித்தாள்கள், பேரிக்காய் வடிவ அணுக்கரு காலப் பயணம் இயலாது என்று நிரூபித்துவிட்டதாக எழுதின. அது தவறு. அந்த ஆய்வு அளந்தது வடிவத்தை மட்டுமே. தலைப்பைப் படிக்கும்போது, ‘என்ன அளந்தார்கள்?’ என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

படிக்கட்டின் அடியில்

தோரியத்தின் படிக்கட்டை மறுபடி நினைத்துப் பாருங்கள். தோரியம்-228 சிதையும்போது, பிறக்கும் ரேடியம்-224 சில வேளைகளில் சுழன்றுகொண்டே பிறக்கிறது. 84 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள காமாக் கதிரை விட்டு அமைதியடைகிறது. ரேடான்-220-இன் முதல் படிக்கு 241 தேவை. நீண்ட கருவைச் சுழற்றுவது எளிது. உருண்டையை நெருங்க நெருங்கக் கடினம் என்பதை இவ்வெண்கள் சொல்கின்றன. காரீயம்-208-இன் முதல் படிக்கோ 2,615! உருண்டை அதில் சுழலவில்லை; அதிர்கிறது. எந்த வடிவில் அதிர்கிறது தெரியுமா? பேரிக்காய் வடிவில்தான்!

இம்மூன்று கதிர்களும் இந்த நொடியிலும் கொல்லிமலை மண்ணிலிருந்து வெளிவந்துகொண்டிருக்கின்றன. வெகு தொலைவிலுள்ள முடுக்கியில் அறிஞர்கள் அரும்பாடுபட்டு எழுப்பிய அதே கருக்கள், நம் காலடியில் ஓசையின்றிப் பிறந்து மறைகின்றன. அடுத்த முறை மண்ணைக் கையில் அள்ளும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

1. மேலே போட்ட கணக்கையே ரேடான்-220-க்குப் போட்டுப் பாருங்கள். அரை ஆயுள் 56 விநாடி என்று கொள்க. ஒரு கிலோ மண்ணில் எத்தனை ரேடான்-220 அணுக்கள் இருக்கும்? ரேடியத்தைவிட ஏன் இவ்வளவு குறைவு?

2. ஓர் எலுமிச்சம்பழம், ஒரு முட்டை, ஒரு பம்பரம் ஆகிய மூன்றையும் தலைகால் மாறும்படி அரைச் சுற்றுத் திருப்புங்கள். எவை ‘ஒற்றைப்படைப் படி’களை அனுமதிக்கும் என்று பட்டியலிடுங்கள்.